வெட்டு சரியாக இருந்தும் போர்டு போய்விட்டது

எனக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. பழைய கம்ப்யூட்டர்களை ஓட வைப்பதில் பல வருட ஈடுபாடு உண்டு. ஏஜிபி கார்டு (பழைய கம்ப்யூட்டர்களில் மானிட்டருக்குப் படம் அனுப்பும் டிஸ்ப்ளே கார்டு) தேடுகிறவர்கள் யாருக்கும் எனக்கு நடந்தது நடக்கக் கூடாது, அதனால் எழுதுகிறேன்.

மாமா வீட்டுப் பரணில் ஒரு பென்டியம் 4 கிடந்தது. மதர்போர்டில் இன்டெல் 845 சிப்செட், டிஸ்ப்ளே கார்டு இல்லை. கோவை உக்கடம் பக்கம் பழைய சாமான் கடையில் என்விடியாவின் டிஎன்டி2 சிப் போட்ட ஏஜிபி கார்டு கிடைத்தது. வேலந்தாவளம் வரும்வரை பஸ்ஸில் அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஸ்லாட்டில் செருகும் கீழ் விளிம்பில் 2 வெட்டுகள். அப்படியென்றால் 3.3 வோல்ட், 1.5 வோல்ட் இரண்டு ஸ்லாட்டிலும் ஓடும் என்பதுதான் கணக்கு. கச்சிதமாக உட்கார்ந்தது. பவர் கொடுத்தேன். ஃபேன் சுற்றியது, மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. 845 சிப்செட்டின் முக்கியச் சிப்பான நார்த்பிரிட்ஜின் மேல் இருக்கும் ஹீட்சிங்கில் விரல் வைக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. அப்புறம் வேறு கார்டு போட்டும் போர்டு எழவே இல்லை.

எங்கள் பக்கத்துச் சித்தூரில் சர்வீஸ் செய்யும் அண்ணன் ஒருவர் போர்டைத் தொடவே இல்லை, கார்டைத்தான் முதலில் கையில் எடுத்தார். "வெட்டைப் பார்த்தே சரி, சிப்பைப் பார்த்தியா தம்பி? இது 3.3 வோல்ட் காலத்துச் சிப்பு."

845-க்கு 1.5 வோல்ட்தான் ஆகும். இந்தக் கார்டு 3.3 வோல்ட் சிக்னலை நேராக நார்த்பிரிட்ஜுக்குள் அனுப்பிவிடும், அது கருகிவிடும். 1.5-க்கு ஒத்துவராத சில கார்டுகளிலும் 2 வெட்டு போட்டு விற்றிருக்கிறார்கள். தப்பான கார்டைச் செருகினால் எரிகிற எச்சரிக்கை எல்இடி சில போர்டுகளில் உண்டு. என்னுடையதில் இல்லை.

போர்டில் இருக்கும் ஸ்லாட்டைப் படிக்கவும் அவரே கற்றுக் கொடுத்தார். நடுவில் உள்ள தடுப்பு கேபினட்டின் பின்பக்கத்தை ஒட்டி இருந்தால் 3.3, தள்ளி இருந்தால் 1.5. அவர் கடையில் இருந்த, 440 பிஎக்ஸ் என்ற பழைய இன்டெல் சிப்செட் போட்ட பென்டியம் 3 போர்டில் தடுப்பு பின்பக்கத்தை ஒட்டி இருந்தது. அதே டிஎன்டி2 கார்டை அதில் செருகினார். உடனே டிஸ்ப்ளே வந்தது! அந்தப் போர்டை அன்றே வாங்கிக்கொண்டேன்.

மாமாவின் மெஷினுக்கு வேறொரு 845 போர்டு தேடிப் போட்டேன். அதில் இப்போது ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் 400 ஓடுகிறது. அதற்கும் 2 வெட்டுதான், ஆனால் இந்த முறை சிப்பின் பெயரைப் படித்துவிட்டுத்தான் காசு கொடுத்தேன்.