சேலத்தில் வெள்ளிப் பட்டறை, மனம் முழுக்கக் கடல்: இதையே என் வேலையாக்கிக்கொள்ள முடியுமா?

கம்பிச்சுருள் (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):

அனைவருக்கும் வணக்கம். பதினாறு ஆண்டுகளாக வெள்ளிக் கொலுசு வேலை செய்து வருகிறேன். வியாபாரி வெள்ளியை எடைபோட்டுத் தருவார். கம்பி இழுத்து, கண்ணி கோத்து, பொடி வைத்து ஊதிப் பற்றவைத்து, மெருகேற்றித் திருப்பிக் கொடுத்தால் கூலி கிடைக்கும். கையில் பிடித்த தொழில்தான், குறையொன்றும் இல்லை. ஆனால் சிறு வயதில் கடலூர் தேவனாம்பட்டினத்தில் பார்த்த கடல் இன்றுவரை என்னை விடவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஆத்தூர், சின்னசேலம், விருத்தாசலம் வழியாகச் சென்று, கரையில் ஒதுங்கியவற்றைப் பார்த்து வரைந்துகொண்டு திரும்புகிறேன். அப்படி வரைந்த நோட்டுகள் மூன்று நிறைந்துவிட்டன.

சென்ற மாதம் ஒரு சங்கின் சுழியைக் கம்பியில் செய்து பார்த்தேன். எத்தனை முறை செய்தாலும் அது சங்காக வரவில்லை, முறுக்காகத்தான் வந்தது. வியாபாரியோ மாங்காயும் மயிலும்தான் விற்கும் என்கிறார். கடலோரத்தில் பிறக்காத ஒருவன் கடலைத் தன் கலைக்கு ஆதாரமாகக் கொள்வது முறையா? கொண்டால் குடும்பத்தை நடத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கெடிலக்கரை (அஸ்தம்பட்டி, சேலம்):

தம்பி, நான் கடலூரில் பிறந்து, பிழைப்புக்காகச் சேலம் வந்தவன். முதலில் முறுக்கு விஷயத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கான விடையில் பாதி அதிலேயே இருக்கிறது. சங்கு ஏற்கெனவே கட்டிய ஓட்டைக் கலைத்துத் திருத்துவதில்லை. வாயோரத்தில் மட்டும் புதிதாகச் சுண்ணம் சேர்த்துக்கொண்டே வளர்கிறது. அதனால் உருவம் மாறாமல், ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஏறக்குறைய ஒரே விகிதத்தில் பெரிதாகிறது. நீங்கள் ஒரே பருமனுள்ள கம்பியை ஒரே இடைவெளியில் சுற்றியிருப்பீர்கள். அப்படிச் சுற்றினால் முறுக்குதான் வரும். கம்பியை நுனியில் மெலிந்தும் வாய்ப்பக்கம் தடித்தும் இருக்குமாறு தட்டி எடுத்துக்கொண்டு, இடைவெளியும் சுற்றுக்குச் சுற்று விரியுமாறு வளைத்துப் பாருங்கள்.

இன்னொன்றும் உண்டு. கொலுசு ஜோடியாகப் போகும் பொருள் என்பதால், வலக்காலுக்கும் இடக்காலுக்கும் சுழியை எதிரெதிராக வைக்கத் தோன்றும். கடலில் கிடைப்பவை பெரும்பாலும் இடம்புரிச் சங்குகள்தாம். வலம்புரி மிக அரிது என்பதால்தான் அதற்கு அவ்வளவு மதிப்பு. எதிரெதிராக வைத்தால் அழகாக இருக்கலாம், ஆனால் கரையில் வளர்ந்தவர் கண்ணில் அது உடனே உறுத்தும். மேலும், கடைகளில் பார்க்கும் வெண்மை உயிருள்ள சங்கில் தெரியாது. அதன் மேல் பழுப்புத் தோல் போர்த்தியிருக்கும். மெருகேற்றாத வெள்ளியைத் தினமும் பார்க்கும் நீங்கள் அந்த நிலையையும் ஒரு முறை செய்து பார்க்கலாம்.

ஒரு வேண்டுகோள்: பவளப்பாறைத் துண்டுகளையோ உலர்ந்த கடற்குதிரையையோ யாராவது விற்றால் வாங்கிப் பதிக்காதீர்கள். இரண்டும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்படுபவை. உருவத்தை வெள்ளியில் செய்தாலே போதும்.

மலைப்பாதை (ஏற்காடு):

அண்ணா, நான் இங்கே பள்ளியில் ஓவியம் கற்பிக்கிறேன். கடலோரத்தில் பிறக்காதவன் என்று நீங்கள் தயங்குவதைப் படித்ததும் எனக்கு அமெரிக்க நிலவியலாளர் மேரி தார்ப் நினைவுக்கு வந்தார். அமெரிக்காவில் பெண்களை ஆய்வுக் கப்பலில் ஏற்றாத காலம் அது. மற்றவர்கள் கடலில் சென்று அளந்து வந்த ஆழங்களின் எண்களை மேசையில் பரப்பிவைத்துக் கடலடித் தரையை வரைந்தார். அளவுகள் கப்பல்கள் சென்ற சில கோடுகளில்தான் இருந்தன. இடையில் இருந்த வெற்றிடங்களைத் தம் நிலவியல் அறிவைக்கொண்டு நிரப்பினார். அட்லாண்டிக்கின் நடுவே ஓடும் மலைத்தொடரின் உச்சியில் ஒரு பிளவுப் பள்ளத்தாக்கு இருப்பதை 1952இல் கண்டுகொண்டவர் அவர். ஆய்வுக் கப்பலில் அவர் கால் வைத்தது 1968இல்தான்.

அவரும் அவருடன் பணியாற்றிய புரூஸ் ஹீசனும் உருவாக்கிய உலகக் கடலடி வரைபடம் 1977இல் வெளிவந்தது. அதற்கு வண்ணம் தீட்டிய ஹைன்ரிக் பெரான் கடற்கரையே இல்லாத ஆஸ்திரியாவைச் சேர்ந்தவர். ஆல்ப்ஸ் மலைக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்றவர். மலைச்சரிவில் நிழல் எப்படி விழும் என்று அவர் கை அறிந்திருந்ததால்தான், யாரும் கண்ணால் காணாத கடலடி மலைகள் அந்தப் படத்தில் மலைகளாகவே எழுந்து நிற்கின்றன. சேர்வராயன் மலையில் வாழும் நான் அந்தப் படத்தை மாணவர்களுக்குக் காட்டும்போதெல்லாம் எனக்குப் பெருமிதமாக இருக்கும். உங்கள் கைக்கு வெள்ளி தெரியும். கரையில் பிறந்தவர்களுக்கு எட்டாத ஒன்றை அந்தக் கை கண்டுபிடிக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

வசிஷ்டநதி (ஆத்தூர்):

ஐயா, பிழைப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கூலி வேலையை விட்டுவிடாதீர்கள். கொலுசுக்கு வெள்ளி அதிகம் பிடிக்கும், விற்காவிட்டால் முதல் முடங்கிவிடும். மெட்டி, தோடு போன்ற எடை குறைந்தவற்றில் தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். வியாபாரியிடம் கேட்காமல் வாங்குபவரிடம் நேரடியாகக் காட்டுங்கள். நான் மர வேலையில் இப்படித்தான் தொடங்கினேன், மூன்று ஆண்டுகள் பிடித்தது.

கடலோரத்தில் பிறக்கவில்லையே என்று தயங்குகிறீர்கள். எங்கள் ஊர் வழியே ஓடும் வசிஷ்ட நதி சுவேத நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. மழைக்குப் பின் ஒரு முறை அந்த ஆற்றோரமாகவே கடல்வரை சென்று வாருங்கள். முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் மையமும் இருக்கிறது.

கம்பிச்சுருள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு கெடிலக்கரை ஐயா சொன்னபடி கம்பியை நுனி மெலியத் தட்டிச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் வாய் விரிந்தபோது என் மகள் அருகில் வந்து, கேட்காமலே “சங்கு” என்றாள். அதை மெட்டியாகவே செய்யப் போகிறேன். இரண்டு காலுக்கும் ஒரே இடம்புரிதான், எதிர்ச்சுழி வைக்கப்போவதில்லை. ஐப்பசி மழை ஓய்ந்ததும் ஆத்தூரிலிருந்து ஆற்றோரமாகப் புறப்படலாம் என்றிருக்கிறேன். வசிஷ்டநதி ஐயா, உடன் வர முடியுமா?