பாதி சுறா, பாதி பேய்க்கணவாய்: நம்ம கடற்கரையில் எடுக்க முடியுமா?

முட்டம் கேமரா:
'ஷார்க்டோபஸ்' பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? 2010-இல் அமெரிக்காவின் சைஃபை சேனலுக்காக ரோஜர் கார்மன் தயாரித்த படம். கடற்படைக்காக உருவாக்கிய, பாதி சுறா, பாதி பேய்க்கணவாய் (ஆக்டோபஸ்) மிருகம், தலையில் மாட்டிய கருவி போனதும் யார் பேச்சையும் கேட்காமல் மெக்சிகோ பக்கம் போய் ஆட்களைப் பிடிக்கும். கிராபிக்ஸ் சுமார்தான். ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடிக்கும். சின்ன பட்ஜெட்டில், பட்டப்பகலில், இப்படி ஒன்றைத் தண்ணீரிலிருந்து எழுப்பிக் காட்ட ஒரு தைரியம் வேண்டும்.

நாங்கள் நண்பர்கள் சேர்ந்து அதே மாதிரி ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். கையில் ஒரு கேமராவும் பழைய கம்ப்யூட்டரும்தான். மிருகத்தை எவ்வளவு காட்டுவது? காட்டாவிட்டால் பார்ப்பவன் ஏமாந்து போவானே?

மார்த்தாண்டம் எடிட்டர்:
டிவி படத்துக்கு விளம்பர இடைவேளை உண்டு. ஒவ்வொரு இடைவேளைக்கும் முன்னால் ஏதாவது நடந்தால்தான் ஆள் சேனல் மாற்றாமல் இருப்பான். அதனால் மிருகத்தை அடிக்கடி காட்டியே ஆக வேண்டும். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. கம்ப்யூட்டரில் உடம்பு செய்துவிடலாம், அது தண்ணீரைத் தொடும் இடம்தான் கஷ்டம். தெறிப்பு, நுரை, ஈரப் பளபளப்பு எல்லாம் பொருந்த வேண்டும். அங்கேதான் காசும் நேரமும் போகும்.

தூத்தூர் ஆழ்கடல்:
தம்பி, நான் வருஷக்கணக்காகச் சுறாத் தூண்டிலுக்குப் போகிறவன். அந்தப் படத்தை டிவியில் பார்த்திருக்கிறேன், எனக்கும் பிடிக்கும். ஆனால் உண்மையான பயம் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

சுறா நைலானைக் கடித்து அறுத்துவிடும். அதனால் கொக்கிக்கு மேலே கம்பி கட்டுவோம். ராத்திரியில் கயிறு இழுக்கும்போது கனமாக வரும். ஏதோ மாட்டியிருக்கிறது என்று கை சொல்லும். திடீரென்று கயிறு தளர்ந்துவிடும். அறுந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. பல நேரம் அது படகை நோக்கி நீந்தி வருகிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, விளக்கு வெளிச்சம் விழும் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நிற்போம். அதை எடுங்கள். இதற்கு கிராபிக்ஸ் வேண்டாம்.

இன்னொன்று. சில நாள் முழுச் சூரை மீன் மாட்டியிருக்கும், மேலே வரும்போது தலை மட்டும்தான் இருக்கும். செவுளுக்குப் பின்னால் பிறை மாதிரி வெட்டு. அது சுறா வேலை. உங்கள் மிருகத்துக்கு என்ன செய்யலாம்? அந்தத் தலையின் கன்னத்தில் வட்ட வட்டமாக உறிஞ்சிக் குழிகளின் அடையாளம் வரிசையாகப் பதிந்திருக்கட்டும். கடித்தது சுறா வாய், பிடித்தது பேய்க்கணவாயின் கை. படகில் இருப்பவர்கள் அதைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் போதும், மிருகம் வந்துவிட்டது. சந்தையில் ஒரு சூரைத் தலை வாங்கினால் வேலை முடிந்தது.

உடம்பைப் பற்றியும் யோசியுங்கள். சுறாவுக்கும் எலும்பு கிடையாது, பேய்க்கணவாய்க்கும் கிடையாது. சுறா ரத்தம் சிவப்பு, பேய்க்கணவாய் ரத்தம் நீலம். தோலும் அப்படித்தான். சுறாவை வாலிலிருந்து தலைப்பக்கமாகத் தடவினால் உப்புத்தாள் மாதிரி கையைக் கீறும், மற்றது வழுவழுவென்று இருக்கும். மிருகத்தைத் தொட்டவன் உள்ளங்கையைக் காட்டுங்கள், கீறல் இருக்கட்டும்.

முட்டம் கேமரா:
அண்ணே, சூரைத் தலை காட்சி அப்படியே படத்தில் வருகிறது. படகுக்கு என்ன செய்வது? கடலுக்குள் கேமராவோடு போக எங்களுக்குப் பழக்கமில்லை.

தூத்தூர் ஆழ்கடல்:
போகவே வேண்டாம். ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை நம்ம மேற்குக் கடலில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகுகள் கட்டித்தான் கிடக்கும். ஓனரிடமும் துறைமுகத்திலும் முறையாகக் கேட்டு, ராத்திரி படகிலேயே எடுங்கள். பின்னால் கரை விளக்கு தெரியாமல் கேமராவை வையுங்கள். மழைக்காலம், கேமராவுக்கு நல்ல உறை வேண்டும். கயிறு இழுக்கத் தெரிந்த ஆட்களையே நடிக்க வையுங்கள். பழகாதவன் கயிறு பிடித்தால் எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

மார்த்தாண்டம் எடிட்டர்:
சத்தத்தை மறந்துவிடாதீர்கள். கயிறு விளிம்பில் உரசும் சத்தம், இன்ஜின் நிற்கும் சத்தம் இரண்டையும் தனியாகப் பதிவு செய்து கொண்டுவாருங்கள். மிக்ஸிங் நான் பார்த்துக்கொள்கிறேன்.