ஏழு எப்படிப் பூஜ்யமானது?

ஆண்ட்ராய்டில், ஜாவாவில், உரை தட்டும் பெட்டியான எடிட்டெக்ஸ்டிலிருந்து ஒரு சப்கிளாஸ் (அதன் வேலைகளை வாரிசாகப் பெறும் கிளாஸ்) எழுதியிருந்தேன். பெட்டிக்குள் எத்தனை எழுத்து இருக்கிறது என்று எண்ணி மூலையில் காட்ட வேண்டும், அவ்வளவுதான். உரை மாறும்போது அழைக்கப்படும் மெத்தடை ஓவர்ரைடு செய்து (என் தேவைக்கு மாற்றி எழுதி), நீளத்தை ‘எண்ணிக்கை’ என்ற மாறியில் போட்டேன். தட்டச்சு செய்தால் எண் சரியாக ஓடியது. ஆனால் திரை அமைப்பை எழுதிவைக்கும் லேஅவுட் கோப்பிலேயே ‘வணக்கம்’ என்று உரை கொடுத்துத் திறந்தால் மூலையில் 0. ஓர் எழுத்தைத் தட்டியதும் சரியாகிவிடும்.

முதலில் சந்தேகப்பட்டது திரை வரையும் வேலையைத்தான். மறுபடி வரையச் சொல்லும் இன்வாலிடேட் அழைப்பை இரண்டு இடங்களில் செருகினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, 100 மில்லிசெகண்ட் தள்ளி எண்ணிக்கையைக் கேட்டுப் பார்த்தேன். அப்போதும் 0. தாமதம்தான் கோளாறு என்றால் காத்திருந்த பிறகாவது சரியான எண் கிடைத்திருக்க வேண்டும். லாகைப் பார்த்தால் என் மெத்தட் 7 என்று எழுதியிருந்தது. (ஐந்து எழுத்துக்கு ஏன் 7 என்று கேட்க வேண்டாம், புள்ளியையும் தனியாக எண்ணும் ஜாவாவின் கணக்கு அது.) ஆக, மதிப்பு வந்திருக்கிறது, வந்த பிறகு யாரோ அழித்திருக்கிறார்கள்.

டீபக்கரில் அந்த மாறியின் மேலேயே, அதில் எழுதும்போதெல்லாம் நிரலை நிறுத்தும் வாட்ச்பாயின்ட் வைத்தேன். இரண்டு முறை நின்றது. முதல் முறை 7 எழுதும்போது. எது எதை அழைத்தது என்று காட்டும் கால் ஸ்டாக்கில் கீழே இறங்கினால், எடிட்டெக்ஸ்டின் தாய் கிளாஸான டெக்ஸ்ட்வியூவின் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்டைத் தொடங்கிவைக்கும் பகுதி) உரையை வைக்கும் செட்டெக்ஸ்டை அழைக்கிறது. அது என் மெத்தடை அழைக்கிறது. என் கன்ஸ்ட்ரக்டரோ இன்னும் தாய் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் சூப்பர் வரியையே தாண்டவில்லை! இரண்டாம் முறை நின்றது, மாறியை அறிவித்த வரியில்: எண்ணிக்கை = 0. சப்கிளாஸின் மாறிகளுக்குத் தொடக்க மதிப்பைத் தாய் கன்ஸ்ட்ரக்டர் முடிந்த பிறகுதான் ஜாவா போடுகிறது. அழித்தது நானேதான்.

‘= 0’ என்பதை மட்டும் நீக்கினாலே கோளாறு போய்விட்டது. ஆனால் அதை நம்பி விட மனம் வரவில்லை. அடுத்து வருபவர் தொடக்க மதிப்பு விடுபட்டிருக்கிறதே என்று நல்லெண்ணத்தில் சேர்த்துவிடுவார். கன்ஸ்ட்ரக்டரின் கடைசி வரியில் மறுபடி எண்ணும்படி செய்துவிட்டேன்.

மறுமொழி 1

எனக்கு இது வெப் காம்போனென்ட்டில் (வலைப்பக்கத்துக்கான தனி உறுப்பில்) நேர்ந்தது. அதை எழுத உதவும் லிட் நூலகம், ஜாவாஸ்கிரிப்டாக மாற்றப்படும் டைப்ஸ்கிரிப்ட் மொழி. கன்சோலில் கேட்டால் பிராப்பர்ட்டியில் புதிய மதிப்பு, திரையில் பழையது. காம்போனென்ட்டில் ஒரு வரிகூட நாங்கள் மாற்றவில்லை என்பதுதான் எரிச்சல். மாற்றியது கம்பைலரின் இலக்கை, ஜாவாஸ்கிரிப்டின் ஈஎஸ்2022 பதிப்புக்கு. அந்த இலக்கில் கிளாஸில் அறிவிக்கும் ஃபீல்டு (மாறி) ஒவ்வொரு ஆப்ஜெக்டின் மேலும் நேரடியாக உருவாகிறது. எல்லா ஆப்ஜெக்டுக்கும் பொதுவான புரோட்டோடைப்பில் லிட் வைத்திருக்கும் செட்டர் (மதிப்புக் கொடுக்கும்போது ஓடும் மெத்தட்) அதன் பின்னால் மறைந்துபோகிறது. செட்டர் ஓடாவிட்டால் திரையைப் புதுப்பிக்கச் சொல்ல ஆள் ஏது? லிட்டின் டெவலப்மென்ட் பதிப்பு இதைச் சுட்டிக்காட்டும். நாங்கள் ஓட்டிக்கொண்டிருந்ததோ புரொடக்‌ஷன் பதிப்பு. ஆப்ஜெக்டின் மேலேயே அந்தப் பிராப்பர்ட்டி இருக்கிறதா என்று கேட்கும் ஹேஸ்ஓன்பிராப்பர்ட்டி ‘ட்ரூ’ என்று சொன்னபோதுதான் பிடிபட்டது. டைப்ஸ்கிரிப்டின் அமைப்புக் கோப்பான டிஎஸ்கான்ஃபிக்கில் யூஸ்டிஃபைன்ஃபார்கிளாஸ்ஃபீல்ட்ஸ் என்பதை ‘ஃபால்ஸ்’ ஆக்கினோம்.

மறுமொழி 2

ஆப்பிளின் ஸ்விஃப்ட் மொழியில் ஒரே இனிட்டுக்குள் (அங்கே கன்ஸ்ட்ரக்டரின் பெயர்) அடுத்தடுத்து இரண்டு வரி எழுதியிருந்தேன், இரண்டும் சூப்பர்.இனிட்டுக்குப் பிறகு. தாய் கிளாஸிலிருந்து வந்த பிராப்பர்ட்டிக்கு மதிப்புக் கொடுத்தால் அதன் டிட்செட் (மதிப்பு மாறியதும் ஓடும் பகுதி) ஓடியது. நானே அறிவித்த பிராப்பர்ட்டிக்குக் கொடுத்தால் ஓடவில்லை. மொழியின் விதியே அதுதான் என்று தெரியாமல் அரைநாள் லேஅவுட்டைக் குடைந்துகொண்டிருந்தேன். இப்போது டிட்செட்டுக்குள் வேலை எதையும் வைப்பதில்லை. தனி மெத்தடில் வைத்து, டிட்செட்டிலிருந்தும் இனிட்டிலிருந்தும் அதை அழைக்கிறேன்.