நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டு ஊர்காவற்றுறையில் நின்ற கதை

போன ஆடியில் நடந்தது. நெடுந்தீவைப் பார்த்தே ஆக வேண்டும் என்று வவுனியாவிலிருந்து வந்து, யாழ்ப்பாணத்தில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு விடியவே பண்ணைப் பாலத்தைத் தாண்டிவிட்டேன். வேலணை, புங்குடுதீவு, நடுவில் இரண்டு பக்கமும் கடல் தளும்பும் அந்த நீளப் பாலம், எல்லாம் நன்றாகத்தான் போனது. குறிகட்டுவானில் போய் நின்றால் சோளகக் காற்று பிடித்து அடிக்கிறது, நெடுந்தீவுப் படகு இன்றைக்கு இல்லை என்கிறார்கள். நயினாதீவுக்குப் போகலாமாம். அங்கே நாலு தடவை போயாயிற்று.

இறங்குதுறைக் கடையில் ஒரு பிளேன்டீ குடித்தேன். சீனி போட்டும் அடியில் ஒரு உப்பு, தீவுப் பகுதித் தண்ணீர் அப்படித்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கடைக்கார அம்மா, "இவ்வளவு தூரம் வந்தனீங்கள் தம்பி, ஊர்காவற்றுறையை எண்டாலும் பாத்திட்டுப் போங்கோவன்" என்றார். ஒரு கோர்ட்டும் ஆஸ்பத்திரியும் உள்ள ஊர் என்பதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி எதுவும் தெரியாது. சரி, பெற்றோல் இருக்கிறது, திரும்பி வேலணைப் பக்கம் விட்டேன்.

வழியில் கரம்பொன். தனிநாயகம் அடிகள் 1913இல் பிறந்த இடம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டை நடத்தியவருக்கு இந்தப் பனங்கூடலும் வெள்ளை மணலும்தான் சொந்த ஊர் என்று நினைத்தபோது வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தத் தோன்றியது. நிறுத்தினேன், அவ்வளவுதான், நாய் ஒன்று குரைத்தது, கிளம்பிவிட்டேன்.

ஊர்காவற்றுறைக்குள் நுழைந்ததும் முதலில் உறைப்பது வீடுகள். கூரை இல்லாத ஒரு வீடு, யன்னல் நிலைக்கு மேலே ஆலங்கன்று வேர்விட்டுச் சுவரைப் பிளந்திருக்கிறது, உள்ளே அறை முழுக்க எருக்கலை. அதற்கு அடுத்த வளவில் பளபளவென்று பெயின்ற் அடித்த மாடி வீடு, கேற்றில் பெரிய பூட்டு. 1990க்குப் பிறகு இடம்பெயர்ந்தவர்களில் கனபேர் திரும்பி வரவே இல்லை, வந்தவர்களிலும் சிலர் திருவிழாவுக்கு மட்டும் வருகிறார்கள் என்று பிறகு சொன்னார்கள். அந்த இரண்டு வீடுகளிலும் அன்று ஆள் இல்லை. என் கண்ணுக்கு இடிந்த வீடுதான் பார்க்க வடிவாக இருந்தது, அதை வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கடற்கரையில் ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டிருந்தார். எதிரே தண்ணீருக்கு நடுவில் ஒரு கோட்டை, கரையே தெரியாமல் மதில் நேராகக் கடலிலிருந்து எழும்பி நிற்கிறது. ஐயா அதைக் கடற்கோட்டை என்றார். போர்த்துக்கேயர் கட்டி, ஒல்லாந்தர் 1658இல் பிடித்து, ஹம்மன்ஹீல் என்று பெயர் வைத்த கோட்டை. பன்றித்தொடையின் குதி என்று அர்த்தம், இலங்கையின் வடிவம் அவர்களுக்குப் பன்றித்தொடை மாதிரித் தெரிந்ததாம். பசியில் வரைபடம் பார்த்திருப்பார்கள் போல. இப்போது கடற்படை அதை ஹோட்டலாக நடத்துகிறது, நான் போகவில்லை.

கோட்டையைப் பற்றிக் கேட்டதற்கு ஐயா பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஊசியை நிறுத்தாமல், "அதை விடுங்கோ. யானை ஏத்தின துறை தம்பி இது" என்றார். நான் சிரித்துவிட்டேன். "சிரிக்காதையுங்கோ. எந்த ஊர் நீங்கள்?" வவுனியா என்றேன். "பாத்தீங்களா, உங்கட ஊர்ப் பக்கத்து யானைதான்."

பிறகு தேடிப் படித்தால் ஐயா சொன்னது அத்தனையும் சரி. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆனையிறவு வழியாக நடத்திக் கொண்டுவந்து இங்கேதான் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் இதை யானைத் துறை என்றே அழைத்தார்கள், அவர்களுடைய மொழியில் துறைக்கு உள்ள சொல்தான் ஆங்கிலத்தில் 'கயிட்ஸ்' என்று ஆனதாம். வவுனியா, ஆனையிறவு, யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை என்று நான் பஸ்ஸிலும் மோட்டார் சைக்கிளிலும் வந்த கிட்டத்தட்ட அதே பாதையில் அதுகள் நடந்து வந்திருக்கின்றன.

அதற்கும் முன்னால் 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு தமிழில் வெட்டுவித்த கல்வெட்டு ஒன்று உண்டு. பரதேசிகள், அதாவது வெளிநாட்டார், ஊராத்துறையில் (ஊர்காவற்றுறையின் பழைய பெயர்) வந்து இறங்க வேண்டும், அவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசனுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கு என்றால் பாதிக்குப் பாதி. அந்தக் கல் கிடைத்த இடம் எது தெரியுமா? நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயில். நாலு தடவை போய்வந்தேன் என்றேனே, அந்தக் கோயில்தான். நாலு தடவையும் அன்னதானத்துக்கு வரிசையில் நின்றதைத் தவிர ஒன்றையும் பார்க்கவில்லை.

*

அண்ணா, உங்கள் கதையை வாசித்தேன். ஆடியில் நெடுந்தீவுக்கு வெளிக்கிட்டது உங்கள் பிழை. அம்மாவின் ஊர் அதுதான், நாங்கள் பங்குனியில்தான் போவோம், கடல் தகடு மாதிரிக் கிடக்கும், ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம்.

எல்லோரும் அங்கே கட்டாக்காலியாகத் திரியும் குதிரையைத்தான் தேடுவார்கள். எனக்கு மதில்கள். ஊர் முழுக்க முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல், மதில், சாந்து கிடையாது, கல்லுக்கு மேல் கல் வைத்ததுதான். கிட்டப் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு கல்லிலும் மூளை மடிப்பு மாதிரிக் கோடுகள் ஓடும், தூக்கினால் நினைத்ததைவிட லேசு, ஆனால் விரலைக் கீறிவிடும். ஒருமுறை ஆடு பாய்ந்து எங்கள் வளவு மதிலில் நாலைந்து கல் விழுந்துவிட்டது. நான் விழுந்த கல்லை அப்படியே எடுத்து வைத்தேன், ஆடியது. பெரியம்மா வந்து கல்லை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து, பொருந்துகிற முகம் வந்ததும் விட்டார், அசையவே இல்லை. "கல்லுக்கும் முகம் இருக்கு பிள்ளை" என்றார். பெருக்கமரத்து (பாவோபாப்) பொந்துக்குள் நுழைந்து நின்று படம் எடுப்பவர்கள் இந்த மதில்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்கிறார்கள்.

குதிரைகளைப் பார்க்கப் போவதென்றால் தெற்குப் பக்கம் போங்கள். கடும் கோடையில் தண்ணீர் இல்லாமல் அவை சாவதும் உண்டு, அந்த நேரம் பார்க்க மனம் வராது.

இன்னொன்று. படகில் ஏறியதும் அம்மா பேச்சை நிறுத்திவிடுவார். 1985 மே 15 அன்று குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் அதே கடலில் போனவர்கள். கரை வந்து இறங்கிய பிறகுதான் அம்மாவுக்குக் குரல் வரும், முதல் வேலையாக யாரையாவது ஏசுவார்.

*

நான் காரைநகர். கரையில் நின்று கோட்டையைப் பார்த்தவர் பாதையில் ஏறாமல் எப்படித் திரும்பினீர்கள்? வெளியூர்க்காரருக்குப் பாதை என்றால் ரோட்டு, எங்களுக்கு அது ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும் மிதவை. சைக்கிள், மோட்டார் சைக்கிள், மீன் பெட்டி, யூனிபோர்மோடு பிள்ளைகள் எல்லாம் ஒன்றாகத்தான். கடப்பது கொஞ்சத் தூரம், அதற்குள் யார் வீட்டில் என்ன விசேஷம் என்று தெரிந்துவிடும். அது பழுதானால் யாழ்ப்பாணத்தைச் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும்.

அதுசரி, யானையை எதில் ஏற்றினார்கள் என்று அந்த ஐயாவிடம் கேட்டீர்களா? எங்கள் பாதை தாங்காது.

*

கேட்டேன். வலையிலிருந்து தலையைத் தூக்கி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நான் ஏத்தேல்லைத் தம்பி" என்றார்.