பேச்சு வந்துவிட்டது என்று நாங்கள் நிறுத்திய பயிற்சி

என் தம்பி தொப்பூர் கணவாய் இறக்கத்தில் வண்டியிலிருந்து தூக்கியெறியப்பட்டு, நெற்றிப் பக்கம் அடிபட்டு, 12 நாள் நினைவின்றிக் கிடந்தான். அறுவை சிகிச்சை பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. அதற்குப் பிந்தைய மாதங்களைப் பற்றியே எழுதுகிறேன்.

பேச்சுப் பயிற்சியாளர் முதலில் வந்தது அவனைப் பேச வைக்க அல்ல, விழுங்க வைக்க. நாக்கும் தொண்டையும் இரண்டு வேலைக்கும் பொதுவானவை என்பதும், தண்ணீர்போல் வேகமாக ஓடுவது மூச்சுக்குழலுக்குள் இறங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும் என்பதும் அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தன. அவர் சோதித்துப் பார்த்துச் சொன்ன கெட்டிப் பதத்தை அம்மா உடனே பிடித்துக்கொண்டார். கரண்டியிலிருந்து மெல்ல வழியும் ராகிக் கூழின் பதம் அது. மூக்குக் குழாயை எடுத்த பிறகு அவன் வாயால் உண்ட முதல் உணவும் அதுவே.

சொற்கள் திரும்பின. மூன்றாம் மாதம் அவன் தடங்கலின்றிப் பேசியதைக் கேட்டு, எல்லாம் சரியாகிவிட்டது என்று நாங்களே பயிற்சியை நிறுத்தி, முன்பு வேலை செய்த மாங்காய் மண்டிக்கு அனுப்பினோம். அது எங்கள் தவறு. கேட்டதை விட்டு வேறொன்றைச் சொன்னான், தொடங்கினால் நிறுத்தவில்லை. செந்தூராவின் விலையைக் கேட்ட ஒருவர், "இந்த விலைக்கு நான் தோப்பையே வாங்கிடுவேனே" என்றபோது, எந்த ஊரில் யார் தோப்பு விற்பனைக்கு இருக்கிறது என்று அவன் அக்கறையோடு விளக்கத் தொடங்கினான். சிலர் திமிர் என்றார்கள், சிலர் புத்தி பிசகிவிட்டது என்றார்கள். இரண்டும் இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

மீண்டும் பயிற்சியாளரிடம் சென்றோம். சொல்லும் இலக்கணமும் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தைச் சார்ந்தவை என்றும், எதைச் சொல்வது, எங்கே நிறுத்துவது, எதிரில் இருப்பவர் விளையாட்டாகச் சொல்கிறாரா என்பதை ஒழுங்குபடுத்துவதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு என்றும், அங்கே அடிபட்டால் சொற்கள் நன்றாக இருந்தும் உரையாடல் உடையும் என்றும், அதைச் சரிசெய்வதும் பேச்சுப் பயிற்சியின் வேலையே என்றும் அவர் பொறுமையாக விளக்கினார்.

தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, மூளை களைப்படையாத காலை நேரத்தில் 20 நிமிடம் மட்டும் பயிற்சி. மண்டியில் நடக்கும் பேச்சையே நானும் அவனும் பேசிப் பதிவு செய்வோம்; பிறகு அதைக் கேட்டு, தான் எங்கே விலகிப் போனோம் என்பதை அவனே கண்டுபிடிக்க வேண்டும். நான் சுட்டிக்காட்டியபோதெல்லாம் கோபப்பட்டவன், தன் குரலைக் கேட்டபோது அமைதியாக ஒத்துக்கொண்டான். வழி விலகினால் மேசைமேல் என் கையை வைப்பேன். அவ்வளவுதான் எங்கள் சைகை.

2021-இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அவனுடைய கால்களுக்கான இயன்முறைப் பயிற்சி வீட்டுக்கே வந்தது. பேச்சுக்காக நாங்கள் மாதம் இரு முறை பெங்களூருக்குப் பேருந்து ஏறினோம். நடக்கவில்லை என்றால் பதறும் நாம், பேச்சு தடம் மாறினால் குணம் மாறிவிட்டதாக எண்ணி ஒதுங்குவது எனக்கு இன்றும் வலிக்கிறது.

இப்போது சந்தேகம் வந்தால், "விளையாட்டுக்குச் சொல்றீங்களா அண்ணா?" என்று கேட்டுவிடுகிறான். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் மட்டும் இன்னும் தடுமாறுகிறான். ஆகவே சீசன் கூட்டத்தில் எடை போடும் இடத்திலேயே நிற்கிறான். அடுத்த மூன்று மாதத்துக்கான இலக்காகப் பயிற்சியாளர் இருவர் பேச்சைச் சமாளிப்பதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறார்.