மணிக்கட்டுத் தாங்கியா, ஏந்தணையா? ரிஸ்ட் சப்போர்ட்டுக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பௌலிங் ஆடுகிறவர்கள் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ரிஸ்ட் சப்போர்ட் என்ற கருவிக்குத் தமிழ்ச் சொல் என்ன என்ற கேள்விக்கு, நம் குழுமத்தில் நேற்றிரவு வரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன: மணிக்கட்டுத் தாங்கி, மணிக்கட்டுப் பட்டை, மணிக்கட்டுக் கவசம், மணிக்கட்டுப் பூட்டு. நான்கையும் சொல்லிப் பார்த்தேன். எதிலும் மனம் நிற்கவில்லை. பத்து பின் பௌலிங் ஆடுகிறவன் நான்; லேன் என்ற நீண்ட தளத்தில் பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் பின் என்னும் பத்துக் கட்டைகளை வீழ்த்துகிற ஆட்டம் அது. அந்தக் கருவி கையில் என்ன வேலை செய்கிறது என்று முதலில் எழுதிவிடுகிறேன். சொல் அந்த வேலையிலிருந்துதான் பிறக்க வேண்டும்.

(இடையில் ஒரு வேண்டுகோள். விளையாட்டின் பெயரைப் ‘பந்துவீச்சு’ என்று மட்டும் எழுத வேண்டாம். அது கிரிக்கெட்டுக்கே உரிய சொல்லாகிவிட்டது. இங்கே பந்தை யாரும் வீசுவதில்லை, உருட்டுகிறோம். நல்ல பெயர் அமையும்வரை பௌலிங் என்றே இருக்கட்டும்.)

பந்தின் எடை விதிப்படி 16 பவுண்டு வரை இருக்கலாம். பலர் 14, 15 பவுண்டில் ஆடுகிறார்கள். விரல்களைப் பந்தின் துளைகளில் நுழைத்துப் பிடிக்கிறோம். பந்தை விடும்போது கட்டைவிரல் முதலில் கழல வேண்டும், நடுவிரலும் மோதிரவிரலும் ஒரு கணம் பிந்திக் கழல வேண்டும். அந்தக் கணத்தில் இவ்விரு விரல்களும் பந்தின் அடியிலிருந்து பக்கவாட்டில் எவ்வளவு தூரம் ஏறி வருகின்றனவோ, அதைப் பொறுத்தே பந்து சுழலும். மணிக்கட்டு உள்பக்கம் மடிந்து, உள்ளங்கை பந்தை ஏந்தியபடி இருந்தால் விரல்கள் நன்றாக அடியில் இருக்கும். பாரம் தாளாமல் மணிக்கட்டு பின்பக்கம் தொய்ந்தால் எல்லா விரல்களும் ஒரே நேரத்தில் விடுபடும். பந்து சுழற்சி இல்லாமல் லேனில் பூசியிருக்கும் எண்ணெய் மேல் வழுக்கிக்கொண்டு போகும்.

இதற்கு ஒரு சிறு கணக்கு. லேனின் நீளம், பந்தை விடும் கோட்டிலிருந்து முதல் பின் வரை, 60 அடி. மணிக்கு 17 மைல் வேகத்தில் பந்து போய்ச் சேர ஏறத்தாழ 2.4 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 300 சுற்று என்ற வேகம் மாறாமல் நீடித்தால் போகும் வழியில் 12 சுற்று. பந்தின் சுற்றளவோ சுமார் 27 அங்குலம். துளியும் வழுக்காமல் உருண்டிருந்தால் 26 சுற்றுக்கு மேல் வந்திருக்க வேண்டும். இந்த இடைவெளிதான் வழுக்கல். எண்ணெய் முடிந்து மரம் காய்ந்திருக்கும் இடத்தில், சுழற்சி மிகுந்த பந்து வலுவாகப் பிடித்துத் திரும்பிப் பின்களுக்குள் கோணமாக நுழைகிறது. எல்லோரும் சுழற்சியைத் தேடுவது அந்தத் திருப்பத்துக்காகத்தான்.

இனி சொற்கள்.

> மணிக்கட்டுக் கவசம் எளிதாகப் புரியும்.

புரியும். ஆனால் கவசம் அடியிலிருந்து காப்பது. இங்கே யாரும் அடிக்கவில்லை.

> மணிக்கட்டுப் பூட்டு?

தோள்பூட்டு என்று மூட்டையே சொல்கிற வழக்கு நமக்கு உண்டு. மணிக்கட்டுப் பூட்டு என்றால் உடலுறுப்பு என்று படிப்பவர் நினைத்துவிடுவார்.

பட்டை என்பது நல்ல சொல்தான், ஆனால் அதற்குரிய பொருள் வேறு. வலிக்கும் சுளுக்குக்கும் போடுகிற, நெகிழ்ந்து கொடுக்கிற துணிப்பட்டை கடையில் கிடைக்கிறது. அது இதமாக இருக்கும், சுழற்சியை ஒரு சுற்றுகூடக் கூட்டாது. முதன்முதலில் நான் வாங்கியதும் அதைத்தான். உறையில் ரிஸ்ட் சப்போர்ட் என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு ஒரே பெயர் இருக்கிறது என்பதற்காக நாமும் ஏன் ஒரே பெயர் வைக்க வேண்டும்?

என் பரிந்துரை இது. நெகிழ்வது மணிக்கட்டுப் பட்டை. உலோகத் தகடோ கெட்டி பிளாஸ்டிக்கோ வைத்து மணிக்கட்டை நேராக நிறுத்துவது மணிக்கட்டணை. திருகியோ பல் மாற்றியோ மடிப்புக் கோணத்தை அமைத்து, ஏந்திய நிலையிலேயே கையை வைத்திருப்பது ஏந்தணை.

‘அணை’ ஏன் என்று கேட்பீர்கள். தலையணையில் இருக்கிற அணைதான். அதைவிட நெருக்கமானது வயலில் இருக்கிறது: கரும்பு சாயாமல் இருக்க மண் அணைக்கிறோமே, அது. சாயக்கூடிய ஒன்றைச் சாயாமல் நிறுத்துவது என்ற பொருள் அதில் முழுமையாக இருக்கிறது. ‘தாங்கி’ பாரத்தைக் கீழிருந்து சுமப்பது, சுமைதாங்கி மாதிரி. இந்தக் கருவி பந்தைச் சுமப்பதில்லை, கையைத் தொய்யவிடாமல் வைக்கிறது. இதே போக்கில் மணிக்கட்டின் மூன்று நிலைகளையும் ஏந்துநிலை, நேர்நிலை, தொய்நிலை என்று சொல்லலாம்.

இப்படிப் பிரித்தால் எதை வாங்குவது என்ற கேள்விக்கும் பதில் தெளிவாகிறது. விடும்போது கை தொய்நிலைக்குப் போகிறவருக்கு மணிக்கட்டணையே பெரிய மாற்றம் தரும். நேர்நிலையில் நிற்க முடிகிறது, இன்னும் சுழற்சி வேண்டும் என்பவருக்கு ஏந்தணை. ஆனால் முதல் நாளே முழு மடிப்பு வைக்கக் கூடாது. ஏந்துநிலை கூடும்போது கட்டைவிரல் கழலும் கோணமும் மாறும், துளை இறுக்கமாக இருந்தால் விரல் சிக்கும். மணிக்கட்டு இயல்பாகவே வலுவாக இருந்து, ஏந்துநிலையிலிருந்து சடாரென்று விரிக்கத் தெரிந்தவருக்கு எந்த அணையும் வேண்டாம். அந்த விரிப்பில்தான் மிகப் பெரிய சுழற்சி இருக்கிறது. கெட்டியான அணை அதைத் தடுத்துவிடும். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மாண்டி கட்டைவிரலைத் துளையில் விடாமல் இரு கைகளாலும் விடுகிறார். ஏந்தும் வேலையில் இன்னொரு கையும் சேர்ந்துகொள்கிறது. மறுபுறம், மிதமான சுழற்சியோடு குறி தவறாமல் ஆடியே வால்டர் ரே வில்லியம்ஸ் பி.பி.ஏ. என்ற தொழில்முறை பௌலிங் சங்கத்தின் 47 பட்டங்கள் வென்றிருக்கிறார். ஆகவே அணையை வாங்குமுன் தன் சுழற்சி எவ்வளவு என்று அளந்து பார்ப்பது நல்லது.

நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற அந்த அளவுக்கும் ஒரு சொல் வேண்டும். ‘சுற்றெண்’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதிர்வெண் என்ற பாடநூல் சொல்லை ஒட்டி அமைந்திருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் போட்டிகளில் முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்கிறோம், அதனோடு குழம்பும். சுழலெண் என்று வைத்துக்கொள்ளலாமா? பந்தில் ஒரு வெள்ளை நாடா ஒட்டி, விநாடிக்கு 240 படம் எடுக்கும் கைபேசியில் பதிவு செய்யுங்கள். நாடா ஒரு சுற்று வர 48 படம் ஆனால் ஒரு சுற்றுக்கு 0.2 விநாடி, சுழலெண் 300.

ஒன்றில் மட்டும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. தொய்நிலை என்பதற்கு இயன்முறை மருத்துவர்கள் நோயாளியிடம் பேசும்போது வேறு சொல் வைத்திருக்கலாம். குழுமத்தில் அந்தத் துறையினர் இருவர் இருக்கிறீர்கள். உங்கள் சொல் வந்தால் என்னுடையதை எடுத்துவிடுகிறேன். ஏந்தணையை மட்டும் எளிதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

அன்புடன்