‘ஃபெடரலிஸ்ட்’ என்பதற்குக் கூட்டாட்சியரா, கூட்டரசினரா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் வாஷிங்டன் காலத்தில் முளைத்த ஃபெடரலிஸ்ட் கட்சியினரைக் ‘கூட்டாட்சியர்’ என்று எழுதலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல் செப்பமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. அது வரலாற்றையே தலைகீழாக்கிவிடும்.

‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கூட்டாட்சி என்றாலே மாநில உரிமைதான் நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழரசுக் கட்சிக்கு ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி என்று பெயர் வழங்கியதும் அந்தப் பொருளில்தான். ஃபெடரலிஸ்ட் கட்சியின் தலைவரும் வாஷிங்டனின் நிதியமைச்சருமான ஹாமில்டன் நின்றதோ எதிர்க்கரையில். மாநிலங்களின் போர்க்கடனை மைய அரசே சுமக்க வேண்டும் என்று 1790இல் வாதாடி வென்றார். 1791இல் தேசிய வங்கியை நிறுவ வைத்தார். அரசியல் சட்டம் அப்படி ஓர் அதிகாரத்தை மைய அரசுக்குத் தரவில்லை என்று மறுத்தவர் அப்போதைய வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சன். ‘கூட்டாட்சியர்’ என்று நாம் எழுதினால், படிக்கும் மாணவர் ஜெஃபர்சனைத்தான் கூட்டாட்சியர் என்று எண்ணுவார்.

இந்தக் குழப்பம் மூலமொழியிலேயே இருக்கிறது. அந்தச் சொல்லின் வேர் உடன்படிக்கையைக் குறிக்கும் லத்தீன் சொல். தன்னுரிமையுள்ள மாநிலங்களின் தளர்வான கூட்டணிக்குத்தான் அது முதலில் பொருந்தியது. 1787இல் பிலடெல்பியாவில் வலுவான மைய அரசுக்கான அரசியல் சட்டத்தை வரைந்தவர்களின் ஆதரவாளர்கள் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டார்கள். மாநிலங்களுக்காகப் பேசியவர்களுக்கு ‘எதிர்ப்பாளர்’ என்ற பட்டமே மிஞ்சியது. ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் ‘பப்ளியஸ்’ என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் எழுதி அந்தப் பெயரை நிலைநிறுத்தினார்கள். அவர்களில் மேடிசன், சில ஆண்டுகளிலேயே ஜெஃபர்சனோடு சேர்ந்து எதிர்க்கட்சியை உருவாக்கினார். ஆகவே நம் சொல் அரசியல் சட்டத்தை ஆதரித்த 1788இன் நிலைப்பாட்டையும் 1790களின் கட்சியையும் ஒருசேரத் தாங்க வேண்டும்.

‘நடுவணர்’ என்றொரு மாற்றும் வந்திருக்கிறது. பொருள் சரி, ஆனால் அது எதிரிகளின் குற்றச்சாட்டுப் போல ஒலிக்கிறது. ஒரு கட்சிக்கு அது தனக்கு இட்டுக்கொண்ட பெயரைத்தான் தர வேண்டும்.

என் பரிந்துரை ‘கூட்டரசினர்’. கூட்டரசு புதிய சொல்லன்று. கோலாலம்பூரைக் கூட்டரசுப் பிரதேசம் என்று மலேசியத் தமிழர்கள் எழுதிவருகிறார்கள். ‘ஆட்சி’ பகிர்வை முன்நிறுத்துகிறது. ‘அரசு’ கூடி அமைந்த ஒற்றை அமைப்பை முன்நிறுத்துகிறது. இந்த நுண்ணிய வேறுபாடுதான் இங்கே வேண்டும்.

‘ரிப்பப்ளிகன்’ என்று தன்னை அழைத்துக்கொண்ட ஜெஃபர்சன் அணிக்குக் ‘குடியரசுக் கட்சி’ என்பது கூடாது. அது 1854இல் பிறந்த வேறொரு கட்சி. ‘குடியரசினர்’ என்போம்.

இந்த இணையை உரைத்துப் பார்க்க ஒரு வாக்கியம் இருக்கிறது. 1796 குடியரசுத் தலைவர் தேர்தலில் ஃபெடரலிஸ்ட் வேட்பாளர் ஆடம்ஸுக்கு 71 தேர்வாளர் வாக்கு, ஜெஃபர்சனுக்கு 68. அன்றைய விதிப்படி முதலிடம் பெற்றவர் குடியரசுத் தலைவரானார், அடுத்து வந்த போட்டியாளர் துணைத் தலைவரானார். 1800இல் ஜெஃபர்சனும் அவரது அணியைச் சேர்ந்த பர்ரும் தலா 73 பெற்றுச் சமமாக நின்றார்கள். பிரதிநிதிகள் அவை 36 முறை வாக்களித்த பின்னரே முடிவு வந்தது. இத்தனை கசப்புக்குப் பின் 1801 மார்ச் 4 அன்று ஜெஃபர்சன் தம் பதவியேற்பு உரையில் சொன்னது இது: ‘நாம் எல்லோரும் குடியரசினர், நாம் எல்லோரும் கூட்டரசினர்.’ இரு கட்சிகளையும் குறித்தாரா, இரு கொள்கைகளையும் குறித்தாரா என்ற இருபொருள்தான் அந்த வாக்கியத்தின் உயிர். ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாக்கினால் கட்சி, சிறிதாக்கினால் கொள்கை. தமிழில் அந்தத் தொல்லை இல்லை. ‘கட்சியினர்’ என்று ஒட்டினால் அந்த உயிர் போய்விடும்.

1788இன் எதிரணிக்கு ‘எதிர்க்கூட்டரசினர்’ என்பது எனக்கே நீளமாகப் படுகிறது. சுருக்கமான சொல் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.